புதுப் பூட்டு

அத்தியாயம் 11

வியாழக்கிழமை இரவு லூசிண்டா உண்மையைச் சொன்னாள். அதிலிருந்து தம்பி அவளோடு பேசவில்லை.

உண்மை சிறியதுதான். பள்ளியில் செலவைக் குறைக்க எந்த வேலையை எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தது அவள். நிதி மேலாளர் அவள்தான். முதலில் எழுதியது விவசாய ஆசிரியர் வேலை. அந்த வேலையில் இருப்பவன் டுவார்தே, அவள் தம்பி.

"எழுதும்போது கை நடுங்கலையாக்கா?" என்று கேட்டான்.

"நடுங்கிச்சு."

"கையெழுத்து அழகாத்தான் இருக்கு." தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

அவன் மனைவி நத்தாலியா இரண்டு பேர் சாப்பாட்டையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜூலையில் அவளுக்குப் பிரசவம். டுவார்தேயின் வேலையோடு வரும் மருத்துவக் காப்பீடு, வேலை போனால், ஜூன் கடைசியோடு நிற்கும்.

இன்று திங்கட்கிழமை. மாலை ஆறு மணிக்கு நிர்வாகக் குழு கூடுகிறது. கூடி ஓட்டுப் போட்டால்தான் வேலை நீக்கக் கடிதம் கொடுக்க முடியும். கடிதம் இன்று இரவுக்குள் அவன் கையில் சேர வேண்டும். சேராவிட்டால் ஒப்பந்தம் தானாக இன்னொரு வருடம் நீளும்.

கடைசி நாள் வரை காத்திருந்ததற்குக் காரணம் இருந்தது. மாநில அரசு மனம் மாறலாம்.

அது மாறவில்லை.

*

காலையில் பட்ஜெட் விளக்கக் கூட்டம், கணினித் திரையில். கலிஃபோர்னியா முழுக்க இருக்கும் சார்ட்டர் பள்ளிகளின் நிதி மேலாளர்கள் சின்னச் சின்னக் கட்டங்களில் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் கேமராவை அணைத்திருந்தார்கள். ஒருத்தி முட்டை தின்றுகொண்டிருந்தாள்.

தலைநகர் சாக்ரமெண்டோவிலிருந்து பேசியவர் நல்ல குரல் உள்ளவர். கெட்ட செய்தி சொல்லவே பழக்கிய குரல்.

"பள்ளிகளுக்கு அரசு தர்ற ஜூன் மாசத் தவணை ரத்து இல்ல. தயவுசெஞ்சு அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க. தள்ளி வச்சிருக்காங்க. ஜூலைல வரும்."

யாரோ எழுதிக் கேட்டார்கள்: ஜூன் சம்பளத்தையும் ஜூலைல குடுத்துக்கலாமா?

அவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

லூசிண்டா குறித்துக்கொண்டாள். சார்ட்டர் பள்ளி என்றால் அரசுப் பணத்தில் தனிக் குழு நடத்தும் பள்ளி. ஆனால் மாவட்டப் பள்ளிகளைப் போல முதுகைச் சாய்க்கச் சுவர் கிடையாது. பிள்ளை வந்து உட்கார்ந்த நாளுக்குத்தான் பணம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்கும் வரும். போன பனிக்காலத்தில் நிறையக் காய்ச்சல்.

பள்ளி முதல்வர் காரின் ஹால்வர்சன் வாசலில் வந்து நின்றாள். உயரமானவள். கழுத்தில் அடையாள அட்டை.

"என்ன சொல்றாங்க?"

"தள்ளிட்டாங்க."

"முழுசா?"

"முழுசா."

தலையைக் கதவு நிலையில் சாய்த்தாள் காரின். "அப்போ ஜூன் சம்பளத்துக்கே கையிருப்பு கரைஞ்சுடும். அடுத்த வருஷச் செலவு குறையணும்னா ஏழாவது விஷயம் இன்னைக்கு நிறைவேறணும், லூசி."

இன்றைய கூட்டப் பட்டியலில் ஏழாவது விஷயம் என்றால் டுவார்தே.

"ரெண்டாவது வழியும் எழுதியிருக்கேன்," என்றாள் லூசிண்டா. "வரப்போற தவணையைக் காட்டி முன்பணம் வாங்கலாம்."

"வட்டியைப் பாத்தியா?"

"நான்தானே எழுதினேன்."

"போன தடவை அப்படி வாங்கின ஒரு பள்ளிக்கூடம் இப்ப டயர் கடை. நான் அங்கதான் என் வண்டிக்கு டயர் மாத்தினேன். கரும்பலகையைக் கூட எடுக்கல, விலையை அதுலதான் எழுதிப் போட்டிருக்கான்." காரின் நிமிர்ந்தாள். "உனக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஆனா நானூறு பிள்ளைங்க."

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் லூசிண்டாவைக் குடைந்தது.

*

மதியம் டுவார்தே வந்தான். கையில் காகிதப் பொட்டலம். சட்டையில் கன்றுக்குட்டிப் பால் வாடை. பொட்டலத்தை மேசையில் வைத்தான்.

"நத்தாலியா குடுத்தா. நான் பேச வரல."

"சரி."

"லிங்குயிசாக் கறியும் ரொட்டியும். ஆறிப்போச்சு."

"பேச வரலைன்னியே."

அவன் உதட்டோரம் அசைந்தது. உடனே இறுகியது. "நீ வாங்கின புதுப் பூட்டால என் பேன்ட் போச்சு. காசு குடு."

"என்ன பூட்டு?"

"கேட்டுக்குப் போட்டியே. சனிக்கிழமை காலைல பள்ளிக்கூடத்துக் கன்னுக்குப் பால் குடுக்க வந்தா, இவ்ளோ பெரிய பூட்டு தொங்குது. பாதாம் தோப்புப் பக்கமா சுத்திப் போய் வேலி ஏறினேன். இங்கேருந்து இங்க வரைக்கும் கிழிஞ்சுது." தொடையைக் காட்டினான். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நல்ல வேளை திறந்திருந்துச்சு. நீ உள்ள இருக்கேன்னு நினைச்சேன். உன் மூஞ்சியைப் பாக்க வேண்டாம்னு பால் புட்டியை வச்சுட்டு ஓடிட்டேன்."

லூசிண்டாவின் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

"சனிக்கிழமை பூட்டியிருந்துச்சா?"

"நீதானே பூட்டினே?"

அவள்தான் பூட்டினாள்.

போன வாரம் யாரோ பள்ளிக்கு வெளியே இருக்கும் ஏசியின் செம்புக் குழாயை அறுத்துக்கொண்டு போனார்கள். பூட்டு வாங்கச் சொன்னவள் காரின். லூசிண்டா வாங்கினாள். இரண்டு சாவி. ஒன்றைத் தன் வளையத்தில் கோத்தாள். மற்றதில், தொலையாமல் இருக்க, தேவாலயத் திருவிழாவுக்கு வாங்கிய சிவப்பு ரிப்பனில் ஒரு துண்டைக் கட்டிக் காரினிடம் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசியாக வெளியேறியவள், பள்ளி திறந்த நாளிலிருந்து ஒரு வாரக் கடைசியிலும் பூட்டப்படாத கேட்டைப் பூட்டினாள். இரண்டு தடவை இழுத்தும் பார்த்தாள்.

"என்னக்கா? வெளுத்துட்டே."

"ஒண்ணுமில்ல. நீ போ. வகுப்புக்கு நேரமாச்சு."

"இருக்கிற வரைக்கும் நேரத்துக்குப் போறேன்," என்றான். "உன் சிபாரிசு எனக்கு வேண்டாம், தெரிஞ்சுக்கோ. குழுத் தலைவர் அடெலினோ என் ஞானத்தகப்பன். என்னைக் கையில ஏந்திக்கிட்டு ஞானஸ்நானத் தொட்டிகிட்ட நின்ன மனுஷன். என்னை அனுப்ப அவரே இன்னைக்குக் கை தூக்கட்டும். பாக்குறேன்."

அவன் போனதும் அவள் எழுந்து வெளியே வந்தாள்.

அலுவலகத்தின் கண்ணாடிக் கதவில் கூட்ட அறிவிப்பு ஒட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் அவளே ஒட்டியது. நான்கு மூலையிலும் டேப். ஏழாவது வரி: விவசாயப் பிரிவை மூடுவது குறித்து.

அறிவிப்பிலிருந்து கேட் வரைக்கும் நடந்தாள். கதவு உள்ளே. கேட் வெளியே. தெருவிலிருந்து பார்த்தால் கண்ணாடியில் வானம்தான் தெரிந்தது.

சட்டம் எளிது. கூட்டத்துக்கு எழுபத்திரண்டு மணி நேரம் முன்னதாக, யார் வேண்டுமானாலும் வந்து படிக்கக்கூடிய இடத்தில் அறிவிப்பு இருக்க வேண்டும். இணையத்தில் போட்டால் மட்டும் போதாது. குழுவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு வருடா வருடம் அவள்தான் பாடம் எடுப்பாள். "தெருநாய் வந்து படிக்கணும்னாலும் படிக்க முடியணும்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

சனியும் ஞாயிறும் அறிவிப்பு பூட்டுக்குள் இருந்தது.

இந்தக் கூட்டம் கூட்டமே இல்லை. இதில் போடும் ஓட்டு ஓட்டும் இல்லை. அவசரக் கூட்டம் கூட்டவும் ஒரு நாள் வேண்டும். நாளைக்குக் கெடு தாண்டிவிடும்.

அவள் வாய் திறந்தால் டுவார்தே பிழைத்தான்.

பிழைத்தது எப்படி என்று ஊர் கேட்கும். பூட்டியது யார் என்று கேட்கும். சட்டம் தெரிந்தவள், அக்காக்காரி, கெடு முடியும் நேரம் பார்த்து மறந்துபோய்ப் பூட்டினாளாம் என்று சொல்லும். அவளே வெளியிலிருந்து கேட்டால் நம்பமாட்டாள்.

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. கை சுத்தமாக இருக்கும். தம்பியை நறுக்கிய சுத்தமான கை.

*

நான்கு மணிக்கு நத்தாலியா வந்தாள். காரை விட்டு இறங்கவில்லை. செருப்பைக் கழற்றி வீங்கிய பாதத்தைக் கார்த் தரை விரிப்பில் வைத்திருந்தாள். லூசிண்டா பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"அவருக்குத் தெரியாது நான் வந்தது."

"தெரிய வேண்டாம்."

"காப்பீட்டை நாமளே பணம் கட்டித் தொடரலாம்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. எவ்வளவுன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு சொல்றதுக்கு முன்னாடி என் தோளைத் தொட்டா. அப்பவே புரிஞ்சுது." நத்தாலியா ஸ்டியரிங்கைப் பார்த்தே பேசினாள். "அக்கா, ரத்த அழுத்தம் ஏறியிருக்கு. குழந்தையைச் சீக்கிரமே எடுக்க வேண்டி வரலாம்னு சொல்றாங்க. வராமயும் போகலாம். ஜூன்ல வந்தா காப்பீடு உண்டு. ஜூலைல வந்தா இல்ல. தினம் வயித்துக்கிட்டப் பேசறேன், சீக்கிரம் வா சீக்கிரம் வான்னு. ஒரு தாய் பேசற பேச்சா இது?"

லூசிண்டா அவள் கையைப் பிடித்தாள். கை சூடாக இருந்தது.

"நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லல," என்றாள் நத்தாலியா. "திருடச் சொல்லல. நேர்மையா ஏதாவது வழி இருந்தா..."

"நேர்மையா ஒரு வழி இருந்து, அது திருட்டு மாதிரி தெரிஞ்சா?"

நத்தாலியா திரும்பிப் பார்த்தாள். "என்ன சொல்றீங்க?"

சொன்னால் இது இரண்டு பேர் சேர்ந்து போட்ட திட்டம் ஆகிவிடும். லூசிண்டா கார்க் கதவைத் திறந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. கூட்டத்துல பின்வரிசைல உக்காரு. அங்க ஃபேன் இருக்கு."

*

சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஒதுக்கி நாற்காலி போட்டிருந்தார்கள். வழக்கமாக நான்கு பேர் வருவார்கள். இன்று நாற்காலி போதவில்லை. டுவார்தேயின் மாணவர்கள் நீலச் சட்டையில் சுவரோரம் நின்றார்கள். ஒருத்தி கன்றுக்குட்டியின் படத்தை அட்டையில் ஒட்டிப் பிடித்திருந்தாள். கீழே: இவனுக்கு யார் பால் தருவார்கள்?

அடெலினோ அவிலா தலைவர் நாற்காலியில் இருந்தார். நாற்பது வருடம் பால் பண்ணை நடத்தியவர். காது கொஞ்சம் மந்தம். அடுத்த ஞாயிறு திருவிழா. ஊர்வலத்தில் கொடி பிடிக்கப்போவதும் அவர்தான். டுவார்தேயைப் பார்க்காமல் இருக்க, பாதாம் தோப்பு தெரியும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காரின் அவருக்கு வலப்பக்கம். லூசிண்டா மேசையின் கடைசியில். ஏழாவது விஷயம் வரும்போது அவள் எழுந்து வெளியே போக வேண்டும். உறவு என்பதால் அப்போது அவள் இருக்கக் கூடாது, பேசக் கூடாது. பேசுவதென்றால் அதற்கு முன்பே பேச வேண்டும்.

எல்லோரும் எழுந்து தேசியக் கொடிக்கு உறுதிமொழி சொன்னார்கள். உட்கார்ந்தார்கள். நாற்காலிகள் கீறின.

அடெலினோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியைப் படித்தார். கூட்டத்துக்குக் கூட்டம் அவர் படிப்பது, அவள் பதில் சொல்வது. பதினோரு வருடமாக ஒரே சொல்: ஆம்.

"கூட்ட அறிவிப்பு சட்டப்படி ஒட்டப்பட்டதா?"

அவர் ஏற்கெனவே அடுத்த வரிக்குப் போய்விட்டார். விரல் அங்கே நின்றது.

"இல்ல," என்றாள் லூசிண்டா.

"நன்றி. இரண்டாவதாக..."

"அடெலினோ. இல்லன்னு சொன்னேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா?"

"வெள்ளிக்கிழமை மதியம் ஒட்டினேன். சாயங்காலம் கேட்டைப் பூட்டிட்டேன். புதுப் பூட்டு. அறிவிப்பு உள்ள இருக்குங்கிறதை யோசிக்கல. வெளியாள் யாரும் வந்து படிச்சிருக்க முடியாது. நாம இன்னைக்கு ஓட்டுப் போட்டா அது செல்லாது."

காரின் மெதுவாகத் திரும்பினாள். "வெப்சைட்ல இருந்துதே."

"வாசல்லயும் இருக்கணும். உங்களுக்குத் தெரியும்."

"பூட்டினது யாரு?"

"நான்."

"மறந்து போய்."

"மறந்து போய்."

"இன்னைக்குக் கெடு முடியுதுன்னு மறக்கல. இது மட்டும் மறந்துருச்சு." காரின் குரலை உயர்த்தவில்லை. உயர்த்த வேண்டிய அவசியமும் இல்லை. "அந்தத் தவணை ஜூன்ல வராதுன்னு காலைல என்கிட்ட சொன்னது நீதான். கையிருப்பு கரைஞ்ச பிறகு இங்க இருக்கிற எல்லாருக்கும் சம்பளம் எப்படிக் குடுக்கப் போறோம்? உன் தம்பி ஒருத்தனுக்காக எல்லார் சோத்திலயும் கை வச்சுட்டே."

ஆசிரியர் வரிசையில் ஒருவர், "அதானே," என்றார். லூசிண்டா அவரைப் பார்த்தாள். போன கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறாள்.

அடெலினோ நெற்றியைத் தடவினார். "பொறுங்க. பொறுங்க. கேட் ரெண்டு நாளும் பூட்டியே இருந்ததுன்னு யார் சொன்னது?"

"நான் சொல்றேன்."

பின்வரிசையில் டுவார்தே எழுந்து நின்றான். நத்தாலியா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் உட்காரவில்லை.

"சனிக்கிழமை பூட்டியிருந்துச்சு. வேலி ஏறித்தான் போனேன். கிழிஞ்ச பேன்ட் வீட்ல இருக்கு, வேணும்னா கொண்டு வரேன்." மாணவர்களில் யாரோ சிரித்து, உடனே நிறுத்தினார்கள். "ஆனா ஞாயித்துக்கிழமை திறந்திருந்துச்சு. அக்கா, நீதானே உள்ள இருந்தே?"

அப்போதுதான் அவளுக்கு அந்த இரண்டாவது பாதி காதில் விழுந்தது.

"நான் வரல," என்றாள்.

"சாயங்காலம்?"

"காலைலேருந்து ராத்திரி வரைக்கும் கோயில் சமையல்கட்டுல இருந்தேன். திருவிழா ரொட்டிக்கு மாவு பிசைஞ்சோம். அடெலினோ வீட்டம்மா என் பக்கத்துலதான் நின்னாங்க. நான் மாவை அடிக்கிறது போதலைன்னு திட்டிக்கிட்டே இருந்தாங்க."

"ராத்திரி என்கிட்டயும் வந்து திட்டினா," என்றார் அடெலினோ.

யாரும் சிரிக்கவில்லை.

லூசிண்டா பையிலிருந்து சாவி வளையத்தை எடுத்தாள். புதிய சாவியை நகத்தால் நெம்பிக் கழற்றினாள். மேசையில் வைத்தாள்.

"பூட்டுக்கு ரெண்டு சாவி. இது ஒண்ணு."

அடெலினோ சாவியைப் பார்த்தார். மந்தமான காது உள்ளவர்களுக்குச் சில சமயம் கண் கூர்மை.

கேட்டைத் திறந்து வருகிறவர் அலுவலகத்துக்குப் போக வேண்டுமென்றால் கண்ணாடிக் கதவு வழியாகத்தான் போக வேண்டும். கதவில் அறிவிப்பு. பூட்டைத் திறந்த கையே அந்தக் கதவையும் தள்ளியிருக்கும். அறிவிப்பு பூட்டுக்குள் கிடந்தது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே ஒருவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் இன்று ஆறு மணிக்கு வந்து, கொடிக்கு எழுந்து நின்று, உட்கார்ந்து, அவள் "ஆம்" என்று சொல்வதற்காகக் காத்திருந்தார்.

"காரின்," என்றார் அடெலினோ. "இன்னொரு சாவி எங்க?"

காரினின் கை கழுத்து அட்டைக்குப் போனது. அட்டையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

விரல்களுக்கிடையில் சிவப்பு ரிப்பன் ஒரு நூலளவு தெரிந்தது.